நடுவில் இருக்கும் அந்த ஒரு 'எச்'



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்கு லெப்டொப் வாங்க இருப்பவர்களும், வசதியில்லாத பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கக் காசு சேர்ப்பவர்களும் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசியில் உள்ள ஐந்து கேள்விகளையாவது ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு நாள், பாடசாலை விட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம் ஒரு உம்மாவும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். மகள் உயர்தரம் படிக்கிறாள். கையில் ஒரு லெப்டொப். முகத்தைப் பார்த்தாலே அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"சேர், ஓன் பண்ணி ஈக்கக்குள்ள கட்டில்ல இருந்து விழுந்திட்டு. இப்ப டிக் டிக்னு ஒரு சத்தம் மட்டும்தான் வருது. மூணு மாசமா டைப் பண்ணின நோட்ஸ், ப்ரொஜெக்ட் ரிப்போட் எல்லாம் உள்ளுக்குத்தான் ஈக்குது. எப்படியாவது எடுத்துத் தாங்க."

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சத்தம் பழக்கமானதுதான். ஆனால் அந்த லெப்டொப்பில் அது கேட்கவே கூடாது. ஏனென்றால் அது நாங்கள் கொடுத்த லெப்டொப். போன வருடம் ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நல்ல மனிதர்களிடம் காசு சேர்த்து, ஆறு பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த பாவித்த லெப்டொப்களில் ஒன்று. கடைக்காரர் தந்த விலைக் கோரலில் "1 டீ.பி. எஸ்.எஸ்.டி." என்று எழுதியிருந்தது. எஸ்.எஸ்.டி.க்குள் சுழலும் தட்டும் இல்லை, அசையும் ஊசியும் இல்லை. அது டிக் டிக் என்று அடிக்காது.

ஸ்குரூ கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த ஸ்டிக்கரில் தயாரித்த கம்பனி எதையும் மறைக்கவில்லை. தெளிவாக எழுதியிருந்தது: எஸ்.எஸ்.எச்.டி.

நடுவில் ஒரு 'எச்'. அந்த எழுத்து கம்பனியின் ஸ்டிக்கரில் இருந்தது. விலைக் கோரலுக்கு வரும்போது காணாமல் போயிருந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விலைக் கோரலைப் பார்த்து "நல்லது, எடுக்கலாம்" என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். கணினிப் பாடம் படிப்பிக்கிற சேர் பார்த்தால் சரி என்றுதான் மற்றவர்கள் என்னிடம் தந்தார்கள். நான் பேப்பரைப் பார்த்தேன், பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. ஆகவே கீழே நான் ஏசப்போகும் ஏச்சில் ஒரு பங்கு எனக்கும் உண்டு.

கடைக்காரருக்கு கோல் எடுத்தேன். பெயர் சொல்ல மாட்டேன், சொல்வது நோக்கமும் இல்லை. அவர் சொன்ன பதிலைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

"சேர், அதுவும் ஒரு எஸ்.எஸ்.டி.தானே. ஹைபிரிட் சேர். ரெண்டும் ஈக்குது. வாகனத்திலயும் ஹைபிரிட்னா விலை கூடத்தானே?"

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். இதில் மூன்று பொய் இருக்கிறது. ஒன்று, அதுவும் ஒரு எஸ்.எஸ்.டி. என்பது. இரண்டு, ரெண்டும் இருக்கிறது, ஆகவே ரெண்டு மடங்கு நல்லது என்பது. மூன்று, ஹைபிரிட் என்றாலே உயர்ந்தது என்பது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சாதாரண ஹாட் டிஸ்க். உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் சுழல்கின்றன. லெப்டொப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு ஊசி உள்ளே வெளியே நகர்ந்து தேவையான இடத்துக்கு மேலே போய் நிற்கும். பிறகு தட்டு சுற்றி அந்த இடம் ஊசிக்குக் கீழே வரும் வரை காத்திருக்கும்.

தரம் 8 பிள்ளைக்கும் இந்தக் கணக்கு விளங்கும். 60 செக்கனை 5400ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிசெக்கன். சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும் என்றால் ஐந்தரை மில்லிசெக்கன். ஊசி நகர இன்னும் பத்து போடுங்கள். ஒரு சின்னக் கோப்பை எடுக்கவே 15 மில்லிசெக்கன் அளவு போகிறது. அதாவது ஒரு செக்கனில் அறுபது எழுபது சின்னக் கோப்புகள்தான். விண்டோஸ் எழும்பும்போது இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். பட்டனை அமத்திவிட்டு வுழூ செய்துகொண்டு வரும் வரை ஸ்கிரீன் சுற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எஸ்.எஸ்.டி.யில் தட்டு இல்லை, ஊசி இல்லை. பென்ட்ரைவுக்குள் இருக்கும் அதே இனத்து பிளாஷ் சில்லுகள், ஆனால் மிகவும் வேகமானவை. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லிசெக்கன் அளவுதான். 15க்கும் 0.1க்கும் இடையில் 150 மடங்கு. எஸ்.எஸ்.டி.க்கு ஒரு செக்கன் பிடிக்கிற தேடல் வேலை, ஹாட் டிஸ்க்குக்கு இரண்டரை நிமிடம்.

சரி, ஹைபிரிட் என்பது என்ன? அதே சுழலும் ஹாட் டிஸ்க். அதோடு உள்ளே ஒட்டிய ஒரு சின்ன பிளாஷ். எவ்வளவு சின்னது? 1000 ஜீ.பி. ஹைபிரிட் ஒன்றில் வழமையாக 8 ஜீ.பி. 125இல் ஒரு பங்கு.

இதை ஒரு பலசரக்குக் கடையாக நினைத்துப் பாருங்கள். மேல் மாடியில் பெரிய ஸ்டோர். கீழே முதலாளியின் கை எட்டும் தூரத்தில் ஒரு சின்ன ராக்கை. அடிக்கடி கேட்கிற சீனி, பருப்பு, சவர்க்காரம் எல்லாம் ராக்கையில் இருக்கும். யாராவது வெந்தயம் கேட்டால் பையன் மேலே ஓட வேண்டும். முதல் நோன்பன்று பேரீச்சம்பழம் கேட்டு வருகிற ஆட்களுக்காகப் பையன் நாலு தரம் மேலே ஓடுவான். ரெண்டாம் மூன்றாம் நோன்புக்குள் முதலாளி பேரீச்சம்பழத்தைக் கீழே ராக்கைக்குக் கொண்டுவந்துவிடுவார். அதற்கு இடம் வேண்டும் என்பதால் வேறொன்று மேலே போகும்.

ஹைபிரிட் டிரைவ் செய்வதும் இதுதான். எந்தத் துண்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று டிரைவுக்குள் இருக்கும் சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு கணக்கு வைத்துக்கொள்ளும். அடிக்கடி கேட்பதைப் பிளாஷுக்குள் ஒரு பிரதி எடுத்து வைக்கும். அடுத்த தரம் கேட்டால் தட்டுக்குப் போகாமல் அதிலிருந்தே தரும். பதுக்கு நினைவகம் என்று வகுப்பில் படிப்பிக்கிறோமே, அதே கருத்து. கெட்டித்தனமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கடையின் பெயர்ப் பலகையில் "எல்லாச் சாமானும் ராக்கையில்" என்று எழுதினால் அது பொய். எல்லாச் சாமானும் மேல் மாடியில்தான். 125 மூட்டையில் ஒரு மூட்டைதான் ராக்கையில்.

லொறியில் புதுச் சாமான் வந்தாலும் பெரும்பாலும் நேரே மேல் மாடிக்குத்தான் போகும். நீங்கள் ஒரு பெரிய வீடியோவை கொப்பி பண்ணினால் ஹைபிரிட்டும் சாதாரண ஹாட் டிஸ்க்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும். புதிதாக ஒரு சொஃப்ட்வெயார் போட்டால் முதல் இரண்டு மூன்று தடவை ஹாட் டிஸ்க் வேகத்திலேயே திறக்கும்.

இப்போது இன்னொரு கணக்கு. ராக்கை மிகவும் நல்ல ராக்கை, 100 தரம் கேட்டால் 90 தரம் அதிலேயே கிடைக்கிறது என்று வைப்போம். 90 என்றால் ரிப்போட்டில் ஏ. ஆனால் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். 90 தரம் 0.1 வீதம் 9 மில்லிசெக்கன். மிச்சம் 10 தரம் 15 வீதம் 150 மில்லிசெக்கன். மொத்தம் 159. உண்மையான எஸ்.எஸ்.டி. அதே நூறு தரத்துக்கும் 10 மில்லிசெக்கன்தான் எடுக்கும். அதாவது 90 புள்ளி எடுத்த ஹைபிரிட்டும் எஸ்.எஸ்.டி.யை விட 16 மடங்கு சுணங்குகிறது.

நேர்மையாக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சாதாரண ஹாட் டிஸ்க் இதே வேலைக்கு 1500 எடுக்கும். ஆகவே அதை விட ஹைபிரிட் 9 மடங்கு வேகம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு சாமான். நடுவில் இருப்பதை நடுவில் இருப்பதாகச் சொல்லி, அந்த விலைக்கு விற்றால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

"கடையில போட்டுப் பார்த்தோமே, டக்குனு ஓனாகிச்சே" என்று சிலர் சொல்வார்கள். நானும் பார்த்தேன். அங்கேதான் ஏமாந்தேன். கடையில் அந்த லெப்டொப்பை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போட்டுக் காட்டுகிறார்கள். ஓன் பண்ணுவது, ஓஃப் பண்ணுவது, அவ்வளவுதான். ஓன் ஆவதற்குத் தேவையான துண்டுகள் முழுவதும் ராக்கைக்கு வந்துவிடும். உங்களுக்கு முன்னால் இருபது செக்கனில் எழும்பிக் காட்டும். வீட்டுக்கு வந்த பிறகு வாப்பா ஒரு வேலை செய்வார், நானா வேறொன்று செய்வார், தங்கச்சி சூம் வகுப்பு பார்ப்பாள், நடுவில் விண்டோஸ் அப்டேட் வரும். 8 ஜீ.பி. ராக்கையில் யாருடைய சாமான் நிற்கும்? 90 என்பது 50க்கு இறங்கினால் அதே கணக்கில் நேரம் 755க்கு ஏறும். சாதாரண ஹாட் டிஸ்க்கின் அரைவாசி. அவ்வளவுதான் லாபம்.

சரி, ஹைபிரிட் செய்தவர்கள் ஏமாற்றுக்காரர்களா? இல்லை. இதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்த நேரத்தில் சம்சுங்கும் சீகேட்டும் முதல் ஹைபிரிட்களைக் கொண்டுவந்தன. ராக்கையில் எதை வைப்பது என்று அப்போது விண்டோஸ்தான் சொல்ல வேண்டியிருந்தது, அது பெரிதாக எடுபடவில்லை. 2010இல் சீகேட் "மொமெண்டஸ் எக்ஸ்டி" என்று ஒன்றை விட்டது. 500 ஜீ.பி. தட்டு, 4 ஜீ.பி. பிளாஷ். எதை வைப்பது என்று டிரைவே முடிவெடுத்தது. 2013இல் 1 டீ.பி. தட்டு, 8 ஜீ.பி. பிளாஷ் என்று லெப்டொப் எஸ்.எஸ்.எச்.டி. வந்தது. அந்த வருடம் சம்சுங் 1 டீ.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றை வெளியிட்டபோது அதன் விலை 650 டொலர். நம்மைப் போல ஆட்கள் நினைத்தும் பார்க்க முடியாத விலை. அந்தக் காலத்துக்கு ஹைபிரிட் ஒரு நல்ல சமாளிப்பு. கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது நானே ஹைபிரிட் உள்ள லெப்டொப் ஒன்று வாங்கி சந்தோஷமாகப் பாவித்தேன். எஸ்.எஸ்.எச்.டி. என்று சொல்லித்தான் விற்றார்கள், அது என்ன என்று தெரிந்துதான் வாங்கினேன்.

ஆனால் அது அந்தக் காலம். இன்று 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. எந்தக் கடையிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. இந்தப் பழைய ஹைபிரிட்களுக்கோ எத்தனை வயது என்று யோசியுங்கள். வெளிநாட்டு ஒஃபிஸ்களில் வருடக்கணக்கில் ஓடிக் களைத்த தட்டுகள் அவை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் பாய்ந்த பிறகு நம்மில் பலருக்குப் புது லெப்டொப் கைக்கு எட்டவில்லை, பாவித்ததைத் தேடினோம். பாவித்ததை வாங்குவதில் வெட்கமும் இல்லை, தவறும் இல்லை. பாவித்ததைப் பெயர் மாற்றி விற்பதுதான் தவறு.

இந்தப் பெயர் மாற்றும் வியாதி கண்டியில் மட்டும் உள்ளதல்ல. பெரிய இடங்களிலும் உண்டு. அப்பிள் கம்பனி 2012இல் "ஃபியூஷன் டிரைவ்" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஹாட் டிஸ்க்கோடு 128 ஜீ.பி. பிளாஷ். உண்மையில் தாராளமான ராக்கை. 2015இல் அதே பெயரில் விற்ற 1 டீ.பி. மொடலில் பிளாஷை 24 ஜீ.பி.க்குக் குறைத்தார்கள். பெயர் அப்படியே, ராக்கை ஐந்தில் ஒன்றாகிவிட்டது. 2017இல் இன்டெல் "ஒப்டேன் மெமரி" என்று 16 ஜீ.பி., 32 ஜீ.பி. ராக்கைகளைத் தனியாக விற்றது. அதுவும் ஹாட் டிஸ்க்கைக் கொஞ்சம் வேகப்படுத்தத்தான். ஆனால் சில விற்பனையாளர்கள் 4 ஜீ.பி. ரேமையும் 16 ஜீ.பி. ஒப்டேனையும் கூட்டி "20 ஜீ.பி. மெமரி" என்று பட்டியல் போட்டார்கள். ரேம் வேறு, ஒப்டேன் வேறு. 2022இல் இன்டெல் ஒப்டேன் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்துவிட்டது. ஆனால் அந்த லெப்டொப்கள் இன்று பாவித்த சாமானாக வருகின்றன. அதே கூட்டல் கணக்கை உங்களிடமும் யாராவது செய்து காட்டலாம், கவனம்.

இப்போது வாகன உதாரணத்துக்கு வருவோம். கடைக்காரர்தான் எடுத்துத் தந்தார், விடக் கூடாது.

ப்ரியஸும் ஹைபிரிட், வேகன் ஆரும் ஹைபிரிட். ப்ரியஸில் மோட்டாரால் தனியாகவே வண்டியை ஓட்டவும் முடியும். வேகன் ஆரில் இருப்பது எஞ்சினுக்குக் கை கொடுக்கிற ஒரு சின்ன மோட்டார். இந்த வித்தியாசம் நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாருக்கும் தெரியும்! தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் பெட்டரி நிலைமை, மாற்றினால் எவ்வளவு, ஜப்பானில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு மணித்தியாலம் பேசுகிறோம். பயிற்சியே இல்லாமல் நாம் எல்லாரும் வாகனப் பரிசோதகர்கள். ஆனால் பிள்ளையின் கையில் கொடுக்கிற லெப்டொப் என்று வந்தால் "எத்தனை டீ.பி.?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துவிடுகிறோம். 1000 என்ற எண் 256ஐ விடப் பெரியது, ஆகவே நல்லது. அவ்வளவுதான் நம்ம ஆராய்ச்சி. அந்தப் பலவீனம் தெரிந்துதான் நமக்கு 1000ஐக் காட்டுகிறார்கள்.

உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு 1000 ஜீ.பி. எதற்கு? விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் கேட்கிற ஆகக் குறைந்த இடம் 64 ஜீ.பி. நோட்ஸ், கடந்தகால வினாத்தாள், ஒப்படை எல்லாம் சேர்த்தாலும் சில ஜீ.பி.தான். 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. அந்தப் பிள்ளைக்குத் தாராளம். தேவையில்லாத இடத்துக்காகத் தேவையான வேகத்தையும் பாதுகாப்பையும் விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

பாதுகாப்பு என்றதும் இன்னொரு பொய் ஞாபகம் வருகிறது. இது கடைக்காரர் சொன்னதல்ல. அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் நல்ல மனதோடு ஒரு நானா சொன்னார்: "ரெண்டும் ஈக்குதுதானே சேர். ஒன்று உடைஞ்சா மத்ததில ஈக்கும்."

இல்லை நானா. எஸ்.எஸ்.எச்.டி.யில் பிளாஷுக்குள் இருப்பது அடிக்கடி கேட்ட துண்டுகளின் பிரதி மட்டும். தட்டு போனால் எல்லாம் போய்விடும். 8 ஜீ.பி.க்குள் சிதறிக் கிடக்கும் துண்டுகளால் ஒரு பிள்ளையின் ப்ரொஜெக்டை மீட்க முடியாது. ஃபியூஷன் டிரைவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பிரதி வைப்பதில்லை, சாமானையே இங்கும் அங்கும் பிரித்து வைக்கிறார்கள். பிளாஷ், தட்டு இரண்டில் எது போனாலும் முழுதும் போன மாதிரிதான். ஹைபிரிட் என்பது வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு. காப்புப் பிரதி என்பது வேறு விஷயம்.

பிரதி ஒன்று இருந்தாலும், அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2023 ஓகஸ்டில் நம் நாட்டின் அரச கிளவுட் மீது ரென்சம்வெயார் தாக்குதல் நடந்தது ஞாபகம் இருக்கும். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பிரதி வைத்திருந்தார்கள். ஆனால் அதுவும் அதே கட்டமைப்போடு தொடுத்தே இருந்ததால் அதுவும் பூட்டப்பட்டது. அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரே பெட்டிக்குள் "ரெண்டும்" இருப்பதை நம்பும் நாம் எந்த மூலைக்கு?

இங்கே என் தவறும் இருக்கிறது. லெப்டொப்பைக் கொடுத்த அன்று ஆறு பிள்ளைகளையும் வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தோம். ஐந்து நிமிடம் ஒதுக்கி "வாரத்துக்கு ஒரு தரம் பென்ட்ரைவில் ஒரு கொப்பி எடுங்கள்" என்று சொல்லிக் கொடுக்கவில்லை. படம் மட்டும் இன்றும் எல்லார் ஃபோனிலும் பத்திரமாக இருக்கிறது. பிள்ளையின் நோட்ஸ்தான் இல்லை.

"வியாபாரியின்ட வயித்தில அடிக்காதீங்க சேர், நம்மட ஆக்கள்தானே" என்றும் ஒருவர் சொன்னார். நம்ம ஆள் என்பதால்தான் சொல்கிறேன். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, அடியில் இருந்த ஈரத்தை வெளியே எடுத்துக் காட்டிய சம்பவம் நமக்கு சின்ன வயதில் மத்ரஸாவில் சொல்லித் தந்தது. மேலே காய்ந்தது, அடியில் நனைந்தது. மேலே 8 ஜீ.பி. பிளாஷ், அடியில் சுழலும் தட்டு. ஈரத் தானியம் விற்பது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. ஈரத்தை மேலே வைத்து, ஈரம் என்று காட்டி விற்கலாம். மறைத்ததுதான் குற்றம். ஒரு எழுத்தை மறைப்பதும் மறைப்புத்தான். தராசில் கை வைப்பதற்கும் விலைக் கோரலில் 'எச்'சை விடுவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படிக்கிற நேர்மையான கடைக்காரர்களும் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். "சேர் இது ஹைபிரிட், பழசு, வேணாம், கொஞ்சம் போட்டு எஸ்.எஸ்.டி. மாத்துங்க" என்று வாயாலேயே சொன்னவர்களும் கண்டி டவுனில் இருக்கிறார்கள். இந்தக் கோபம் உங்கள் மீது இல்லை. ஒருவர் 'எச்'சை மறைத்து 1000 என்று போடும்போது, உண்மையைச் சொல்லி 256 என்று போடுகிற உங்களுக்குத்தான் முதல் நட்டம். அதை விளங்கிக்கொள்ளாமல் பெரிய எண்ணுக்குப் பின்னால் போன எங்களைப் போன்ற கமிட்டிகளும் அந்த நட்டத்துக்குக் காரணம்.

கமிட்டிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்த்த காசு நம்முடையதல்ல, அமானிதம். மிடில் ஈஸ்டில் வெயிலில் நின்று உழைத்து அனுப்பியவரின் காசு அது. "மலிவா முடிச்சிட்டோம்" என்று சொல்வதில் பெருமை இல்லை. என்ன வாங்கினோம் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். ஆறு லெப்டொப்பையும் திரும்ப வாங்கிப் பார்த்தேன். நான்கில் ஹைபிரிட். அந்த நான்கையும் 256 ஜீ.பி. எஸ்.எஸ்.டி.க்கு மாற்ற ஏற்பாடு செய்திருக்கிறோம். செலவில் என் பங்கை நான் போட்டுவிட்டேன். நல்ல நிலையில் இருக்கும் பழைய டிரைவ்களை எறியவில்லை. வெளிக் கவர் ஒன்று போட்டு, பிள்ளைகளின் பிரதி எடுக்கும் டிஸ்க்காகப் பாவிக்கப் போகிறோம். அந்த வேலைக்கு வேகம் தேவையில்லை, இடம் போதும்.

இனி லெப்டொப் வாங்கப் போகும்போது இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. எஸ்.எஸ்.டி.யா, எஸ்.எஸ்.எச்.டி.யா, எச்.டி.டி.யா? பதிலை பில்லில் முழுப் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வது வேண்டாம்.

2. டாஸ்க் மெனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பகுதியில் டிஸ்க் என்பதை அமத்துங்கள். விண்டோஸ் 10இன் 2020க்குப் பிந்திய பதிப்பிலும் விண்டோஸ் 11இலும் எஸ்.எஸ்.டி.யா எச்.டி.டி.யா என்று அங்கேயே காட்டும். ஹைபிரிட் பொதுவாக எச்.டி.டி. என்றுதான் வரும், ஏனென்றால் தட்டு சுழல்கிறது. 'எச்'சை பில்லில் மறைக்கலாம், இங்கே மறைப்பது லேசில்லை.

3. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சொஃப்ட்வெயாரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 5400 என்று சுழற்சி வேகம் தெரிந்தால் உள்ளே தட்டு இருக்கிறது. எத்தனை மணித்தியாலம் ஓடியது, எவ்வளவு ஆரோக்கியம் மிச்சம் என்பதும் அதில் தெரியும். பாவித்த எஸ்.எஸ்.டி. என்றாலும் இதைப் பாருங்கள், அதுவும் தேயும்.

4. ரேம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். ஒப்டேனோ வேறெதுவோ கூட்டிச் சொல்ல விடாதீர்கள்.

5. சொன்னதற்கு மாறாக இருந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பீர்கள்? இதுவும் பில்லில் வர வேண்டும்.

இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள். சந்தோஷமாகக் காட்டுகிற கடையில் ஐந்நூறு, ஆயிரம் ரூபா கூடப் போனாலும் வாங்குங்கள்.

அந்தப் பிள்ளையின் தட்டிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை. இப்போது கையெழுத்துக் கொப்பிகளைப் பார்த்துத் திரும்பவும் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறாள். நேற்றுக் கண்டபோது "சேர், நாப்பது பக்கம் முடிஞ்சி. பென்ட்ரைவிலயும் ஈக்கு, உம்மாட ஃபோன்லயும் ஈக்கு" என்று சிரித்தாள். அவள் பாடம் படித்துவிட்டாள். நாம் படிக்க வேண்டியதுதான் மிச்சம்.

வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு அம்பிட்டியவில் என் வீட்டில் இருப்பேன். யாருக்காவது தங்கள் லெப்டொப்பில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் கொண்டு வாருங்கள். காசு வேண்டாம். வரும்போது ஒரு பென்ட்ரைவும் கொண்டு வாருங்கள், பிள்ளைகளின் வேலைக்கு ஒரு பிரதி எடுத்துத் தந்துவிடுகிறேன்.

தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். முக்கியமாக அடுத்த வருட உதவித் திட்டத்துக்கு இப்போதே காசு சேர்த்துக்கொண்டிருக்கும் சகோதரர்களுக்கு.

வஸ்ஸலாம்.